ஜெர்மன் உள்சட்டையின் இரண்டு திறப்புகள்

துறைமுகச் சாலையில் ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, மாதிரிக்கென்று ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய உள்சட்டை வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே உடுத்திய முரட்டு லினன் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரை நீளம். அங்கே பழைய காலத்து நாடகம் போடுகிறவர்களுக்கு அதேபோல் நிறைய வேண்டுமாம். கழுத்தோரம் சிவப்பு நூலில், உடுத்தியவளின் பெயருக்காக இரண்டு எழுத்துகள். நெஞ்சில் இருபக்கமும், மடிப்புக்குள் மறைந்த ஒரு திறப்பு.

“பிள்ளைக்குப் பால் குடுக்கதுக்கு வச்சிருக்காவ,” என்றார் பக்கத்து மிஷின் அக்கா. “ஏளா, உனக்கும் ஒண்ணு தச்சுக்கோ.”

எனக்கு அப்போது ஏழு மாதம். எல்லோரும் சிரித்தோம்.

எட்டாம் மாதம் ஒருநாள் காலையில் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை. உயிரில்லை. என் கணவர்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் இருக்க முடியாமல் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினேன். அந்த ஆர்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. திறப்புகளுக்கு ஓரம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. நான்காவது சட்டையைத் தைக்கும்போது பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. வெட்டிப்போட்ட லினன் துண்டு ஒன்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு தைத்தேன். அக்கா பார்த்துவிட்டார். எழுந்து வந்து, என் முன்னாலிருந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்.

“நீ சட்டக் கையத் தை, ஏளா. இத நான் பாத்துக்கிடுதேன்.”

சூப்பர்வைசர் வந்து கேட்டதற்கு, “அவளுக்கு ஓரம் நேரா வரல சார்,” என்றார் அக்கா. நன்றாகத் தைப்பவள் என்று பெயரெடுத்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சட்டைகள் கப்பலேறிப் போயின. அதன்பின் எனக்குக் குழந்தை பிறக்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், திரேஸ்புரம் கடற்கரையில் என் கணவருடன் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் மறக்க முடியாது என்று சொல்லி, அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தை எனக்குக் காட்டவில்லை. இத்தனை வருடம் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

“யார் மாதிரி இருந்தா?”

அவர் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “உன்னைய மாதிரிதான். முடி நெறைய இருந்துச்சு.”

“ஏன் சொல்லவே இல்ல?”

“நீ கேப்பன்னு இருந்தேன்,” என்றார்.