அடுப்புக்கு மேலே இருந்த பிஸ்கட் டப்பா

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். தேயிலைக்குள் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்ட என்னிடம் ஒன்று இருந்தது. அந்த முறையும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். தோட்டாக்களில் மட்டும் பதினெட்டை ஒளித்துக்கொண்டேன். கோத்தகிரி மழையில் தீக்குச்சியே பற்றாது, ஸ்டேஷன் அலமாரியில் தோட்டா நமுத்துப் போகும் என்பது என் அதிமேதாவித்தனம். பிஸ்கட் டப்பாவில் போட்டு, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் வைத்தேன். ஈரத்துக்குப் பயந்தவனுக்கு நெருப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு மதியம் அந்த விறகில்தான் தீப்பிடித்தது. எங்களுடையது ஒரே கூரைக்கு அடியில் இரண்டு வீடு. அடுத்த வீட்டில் ஒரு அக்கா, சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். கொழுந்து பறிக்க முடியாமல் போன பிறகு ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. அன்று நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. குழாயை இழுத்தபடியே அதிகாரி கேட்டார்.

“உள்ள சிலிண்டர், வெடி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“சிலிண்டர வெளிய எடுத்துட்டேனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க.”

கேஸ் ஆகிவிடும் என்ற பயம். வேறு காரணமே இல்லை.

தண்ணீர் பாய ஆரம்பித்ததும் உள்ளே ‘டப்’ என்றது. அடுத்து இரண்டு. அதிகாரி கத்த, எல்லோரும் குழாயோடு ரோட்டுக்குப் பின்வாங்கினார்கள். நான் வேலியோரம் நின்று ஒவ்வொரு சத்தமாக எண்ணினேன். பதினெட்டும் முடிந்துவிட்டது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இன்னும் என்ன வெடிக்குமோ என்று காத்து நின்றார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த நேரத்தில் தீ கூரை வழியாக அக்கா வீட்டுக்குள் போய்விட்டது.

எல்லாம் அணைந்த பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டே அதிகாரி சொன்னார்: “என்னன்னு தெரியாமத்தானுங்க நின்னோம். தோட்டாவா இருந்தாக்கூட, சும்மா கிடக்கறது கூடுதான் கிழிஞ்சு தெறிக்கும், துப்பாக்கில சுட்ட மாதிரி பாயாது. லோடு பண்ணுன துப்பாக்கி இருந்தாத்தான் ஆபத்து. முன்னாலயே தெரிஞ்சிருந்தா செவுத்தோரம் மறைஞ்சு அடிச்சுட்டே இருந்திருப்போம். அந்த ஊடு தப்பிச்சிருக்கும்.”

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் பார்த்தது என் செருப்பை. வண்டி போனதும் சாம்பலைக் கிளறி, தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தன.

சாயங்கால பஸ்ஸில் அக்கா வந்தார். தையல் மிஷினின் இரும்பு மட்டும் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தீயணைப்புக்காரர்கள் சத்தம் கேட்டு ஒதுங்கியதை யாரோ சொல்லியிருந்தார்கள். நேராக என்னிடம் வந்தார், நூல்பை கையிலேயே இருந்தது.

“தம்பி, தீவாளிக்கு மிஞ்சின பட்டாசு என் பரண்ல கெடந்துச்சு. அதுதான் வெடிச்சிருக்கும். என்னாலதான் ஒங்க வீட்டையும் காப்பாத்த முடியாமப் போச்சு. மன்னிச்சிருங்க தம்பி” என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.

சட்டைப்பை கனத்தது. அதைக் கையால் மூடிக்கொண்டேன்.

“பரவால்லீங்கக்கா” என்றேன். அவரை மன்னித்துவிட்டேன்.