சண்டைக் காட்சிக்கும் விழிக்காத பிள்ளை

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது தாடிக்கொம்பில் இருந்தோம். இரண்டாவது மகளுக்கு ஐந்து மாதம். திண்டுக்கல்லில் ஓடிய ஒரு படத்தைத் தெருவே பார்த்துவிட்டு வந்துவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி. எனக்கா, சினிமா என்றால் உயிர்! பாதிப் படத்தில் குழந்தை அழுது மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, வழக்கமாகக் கல்லில் உரசிக் கொடுக்கும் உரை மருந்தில், தூக்கம் வரவைக்கும் ஜாதிக்காயை மட்டும் இரண்டு இழைப்புக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு இழைத்துப் புகட்டிவிட்டேன். ஏற்கெனவே ஒரு பிள்ளையை வளர்த்தவள், எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

மதியக் காட்சி. மகள் மடியில் அப்படியே கிடந்தாள். பக்கத்தில் பேகம்பூர்க்காரப் பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், அவளும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். திரையில் சண்டை தொடங்கியதும் அவள் பிள்ளை தூக்கத்திலேயே திடுக்கிட்டுக் கைகளை விரித்தது. என் மகள் இமையைக்கூட அசைக்கவில்லை. "எம்புள்ள எம்புட்டுச் சமத்து பாத்தியா?" என்று பீற்றிக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். உள்ளங்காலைச் சுரண்டினாள். கையைத் தூக்கி விட்டாள்; தொப்பென்று விழுந்தது.

"அக்கா, தூங்குற புள்ள காலை இழுக்கும், ஒதட்டச் சப்பும், மூடுன கண்ணுக்குள்ள முழி ஓடும். இது ஒண்ணுமே செய்யலையே! என்னக்கா குடுத்தீக?"

சொன்னேன். "யா அல்லா! மொதல்ல எந்திரிங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் மகளின் பாதத்தைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். டாக்டர் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் தாமதித்திருந்தால் மூச்சே நின்றிருக்குமாம்.

பொழுது சாயும் நேரத்தில் மகளின் உதடு ஒருமுறை சப்பியது. இமைக்குள் விழி உருண்டது. அப்புறம் வீலென்று ஓர் அழுகை! நானும் சேர்ந்து அழுதேன். அதுவரை உடனிருந்த அந்தப் பெண், "இனிமே பயமில்லக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது எந்தக் குழந்தையைக் காட்டினாலும் அது நல்ல தூக்கத்தில் இருக்கிறதா, விழிக்கப் போகிறதா, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எந்த அழுகை படத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்தேனோ, அதே அழுகைக்காக ஒரு மதியம் முழுக்கச் சாமியைக் கும்பிட்டவள் நான். அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் அழுகையும் எனக்குத் தொல்லையாகத் தோன்றியதில்லை.