பொறவுன்னா எப்ப

தொழில்முனைவு பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வரும். பிள்ளைகளுக்கு வராது, அவர்கள் அதற்கு முன்பே தூங்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட வணிகவியல் ஆசிரியையான என்னைத்தான், பின்லாந்துப் பள்ளி ஒன்றோடு நடந்த மாணவர் பரிமாற்றத்துக்கு எங்கள் ராஜபாளையம் பள்ளி பொறுப்பாக்கியது. ஏன் நான் என்று கேட்டேன். உங்களிடம்தான் பாஸ்போர்ட் இருக்கிறது என்றார்கள்.

ஏற்பாடு இதுதான். புரட்டாசியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே வருவார்கள். அவர்களில் ஒருவரும் நம்மவர் ஒருவரும் சேர்ந்து ஒரு பொருள் தயாரித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்க வேண்டும். நன்றாகச் செய்கிற நம் பிள்ளைகள் நால்வர் அடுத்த கோடையில் பின்லாந்து போகலாம்.

என் வகுப்பில் சுந்தரபாண்டியம் என்ற ஊரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். அந்த நால்வரில் தானும் ஒருத்தியாக வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது. அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வயலைப் பார்க்கிறவர். பெற்றோர் கூட்டத்தில் அவரிடம், பிள்ளை தேர்வானால் அனுப்புவீர்களா என்று கேட்டேன்.

"பொறவு பாப்போம் டீச்சர்" என்றார்.

எங்கள் பக்கத்தில் 'மாட்டேன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, புழக்கத்தில் இல்லை. கல்யாணத்துக்கு வர முடியாதவரும் பொறவு வாரேன் என்பார். பெண்ணைப் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாரும் பொறவு சொல்லி அனுப்புதோம் என்பார்கள். அந்தப் பொறவு வந்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது, பக்கத்தில் நின்ற அவர் மகளுக்கும் புரிந்தது. ஆனாலும் அவள் வேலையில் இறங்கினாள்.

பின்லாந்திலிருந்து பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் வந்தார். நெடுநெடுவென்ற மனிதர், பால் இல்லாத காப்பி குடிப்பவர். முதல் வகுப்பில், லிப்டில் மேலே போகிற நேரத்துக்குள் உங்கள் பொருளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றார். எங்கள் பிள்ளைகள் லிப்டைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். தூக்குவாளியோடு அதில் ஏறுகிறவர் எதையும் வாங்கும் நிலையில் இருக்க மாட்டார். ஒருத்தி எழுந்து, "படியில கூட்டிட்டுப் போனா இன்னும் செத்த நேரம் பேசலாம்லா சார்" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்காமல் யோசித்தார்.

சுந்தரபாண்டியத்துப் பெண்ணின் அம்மா நைட்டி தைக்கிறவர். வெட்டியது போக மிஞ்சுகிற துணியில் கடைக்குக் கொண்டுபோகும் பை தைக்கலாம் என்று இவள் சொன்னாள். இவளுக்கு ஜோடியாக வாய்த்த பின்லாந்துப் பெண்ணுக்கு அந்தப் பெரிய பெரிய பூக்கள் மிகவும் பிடித்துப்போயின. எத்தனை தைப்பது என்று தெரிய முதலில் விசாரிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் பாடம். இருவரும் மாதிரிப் பையோடு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்தார்கள். வாங்குவீர்களா என்று கேட்ட இடமெல்லாம் ஒரே பதில். பொறவு வாங்கிக்கிடுதேன் பாப்பா. பால்கோவாக் கடை முதலாளி ஒருவர் ஆளுக்கு ஒரு துண்டு பால்கோவாவும் கொடுத்து அதைச் சொன்னார். அதை நம்பி, பின்லாந்துப் பிள்ளை ஒவ்வொருவர் பேருக்கு நேரேயும் சந்தோஷமாக ஒரு டிக் போட்டது. டிக் போட்டவர் எல்லோருக்கும் பை தைத்தார்கள். அம்மாவின் தையல் மிஷின் திணறிப்போயிற்று.

விற்பனைக்குக் குறித்தது புரட்டாசிச் சனிக்கிழமை. ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட குன்றின் மேல் இருக்கிற பெருமாளைப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. எங்கள் மேசையில் பைகள் மலையாகக் கிடந்தன. டிக் வாங்கியவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். பொறவு வாரேன் என்றார்கள். மதியம் வரை ஒரு பையும் போகவில்லை.

"வாங்குவதாகச் சொன்னவர்கள் எங்கே?" என்று ஆசிரியர் சுந்தரபாண்டியத்துப் பெண்ணைக் கேட்டார். இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்தேன்.

"அவிய வர மாட்டாக சார்."

"அது எப்போது தெரியும்?"

"கேட்ட அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"அவ எம்புட்டு ஆசையா டிக் போட்டுக்கிட்டே வந்தா. ஊருக்கு வந்த பிள்ளைட்ட இல்லன்னு எப்படிச் சொல்ல?"

உங்களுக்கும் தெரியுமா என்று என்னைக் கேட்டார். ஊருக்கே தெரியும் என்றேன். வாங்க ஆளில்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தைத்துத் தள்ளுவதைத் தொழில் என்று சொல்ல முடியாது, இந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுப்பது கடினம் என்றார். குரலை உயர்த்தவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயமாகவும் இருந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று. எதையும் விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

அவள் கை கொள்ளுமட்டும் பைகளை அள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் நடந்தாள். பால்கோவா கொடுத்துப் பொறவு சொன்ன அதே கடை. நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அண்ணாச்சி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தா அபராதம். வெளியூர்க்காரவுக இம்புட்டு வாங்குதாக, எதுல கொண்டு போவாக? இந்தப் பையில போட்டுக் குடுங்க."

"நல்ல பைதான். பொறவு பாப்போம் தாயி."

இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே கடையை விட்டு இறங்கிவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் காலம் காலமாக அப்படித்தான் இறங்குகிறோம். அவள் இறங்கவில்லை.

"பொறவுன்னா எப்ப அண்ணாச்சி?"

தராசில் இருந்த கை அப்படியே நின்றது. அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்து எப்போது எழுந்திருப்பீர்கள் என்று கேட்பது போன்றது அது.

"எப்பன்னா, சாயங்காலமா வாயேன்."

"சாயங்காலம் எத்தன மணிக்கு?"

"ஏட்டி, நீ என்ன போலீஸா?"

"இல்ல அண்ணாச்சி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. நான் அடுத்த கடைக்குப் போறேன்."

அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளில் ஒருவர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகாதவர். வாய் திறந்ததே தவிர வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தார், வெள்ளைக்காரரைப் பார்த்தார், வரிசையில் நின்ற பக்தர்களைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதைவிட வாங்கிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"அம்புட்டையும் வச்சிட்டுப் போ" என்றார்.

அதே கேள்வியோடு அவள் அந்தத் தெருவில் கடை கடையாக ஏறினாள். வெயில் தாழ்வதற்குள் மேசை காலியாயிற்று. அவள் என்னதான் கேட்கிறாள் என்று ஆசிரியர் கேட்டார். சொன்னேன். நேராக அவளிடம் போய், கோடையில் நீ வருகிறாய் என்றார்.

"அப்பாட்ட கேட்டுட்டுப் பொறவு சொல்லுதேன் சார்" என்றாள்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அவருக்கு அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, எப்போது என்றார். நான் மேசை விரிப்பை மடிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு செய்தும் இந்தப் பிள்ளை போகப்போவதில்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை காலை, பிரேயர் மணி அடிக்கும் முன்பே அவள் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பின்னால் அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நேத்து சோறு வைக்கும்போது இவ கேட்டா டீச்சர், பொறவுன்னா எப்பப்பான்னு" என்றார். "பட்டாளத்துல எந்தக் கேள்விக்கும் நின்னு பதில் சொன்னவன் நான். இதுக்கு வாய் வரல."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

படிவம் இன்னும் பின்லாந்திலிருந்து மெயிலில் வரவில்லை. "வந்திரும், பொறவு" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு" என்றேன்.