அண்ணன் பழுதுபார்த்த சீனா வாட்ச்

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு வாட்சைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் சிலருக்கு இதில் விருப்பமில்லை. இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில், மழையை நம்பிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுக் கிணறு வெட்டப் போனார். பாறையில் குழி போட்டு வெடிமருந்துத் தோட்டா வைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அந்த வேலையில்தான் என்னை டீச்சருக்குப் படிக்க வைத்தார். அவருடைய உயிர்க் கூட்டாளி கருப்பையா. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் இருவரும் ஒரே மாதிரி சீனா வாட்ச் வாங்கினார்கள். ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றுவிட்டால், அது பிந்தி வெடிக்கலாம் என்பதால் அரை மணி பொறுத்துத்தான் இறங்க வேண்டும். அதற்கு வாட்ச் வேண்டும்.

அண்ணன் உடன் இல்லாத ஒருநாள், கருப்பையா வழக்கம்போல் வாட்சைக் கழற்றி மேலே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். பாதிக் கிணற்றில் இருக்கும்போது, நின்றுபோயிருந்த ஒரு தோட்டா வெடித்து அவர் உயிர் போய்விட்டது. குடித்துவிட்டு அவசரப்பட்டு இறங்கினார் என்று ஊரே பேசியது. அவர் மனைவி செல்லம்மாளும் அதை நம்பினார். கணவர் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்கவில்லை.

மறு வருடம் அண்ணனுடைய வாட்ச் பாறையில் விழுந்து, உள்ளே ஆடும் சக்கரம் முறிந்தது. டவுனில் அவர் ஏறி இறங்காத கடையில்லை. சீனா வாட்சுக்குச் சாமான் கிடையாது என்று எல்லாரும் கையை விரித்தார்கள். கருப்பையாவின் வாட்ச், பிள்ளைகள் சாவியை முறுக்கி வில் அறுந்து சும்மா கிடந்தது. செல்லம்மாள் அதைக் கொடுத்தார். செத்தவன் சாமான் நமக்கு வேண்டாம் என்று அம்மா தடுத்துப் பார்த்தார். வாட்ச் பிரிப்பதில் அண்ணனுக்குப் பைத்தியம். வெள்ளை வேட்டியை விரித்து இரண்டையும் பிரித்து, கருப்பையாவின் வாட்சிலிருந்த சக்கரத்தை அதன் சுருள் கம்பியோடு எடுத்துத் தன்னுடையதில் பொருத்தினார். ஓடியது. எனக்கோ அந்தச் சத்தமே ஆகவில்லை.

ஆனையூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் மற்றத் தோட்டாக்கள் வெடித்து, ஒன்று மட்டும் நின்றது. அண்ணன் பதினொன்றே முக்காலிலிருந்து காத்திருந்தார். அரை மணி முடிந்து பன்னிரண்டேகால் என்று வாட்ச் காட்டியது. கழற்றி வைத்துவிட்டு ஏணியில் காலை வைத்தார். அப்போதுதான் மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. அண்ணன் காலை எடுத்துவிட்டார். சற்று நேரத்தில் கிணறு வெடித்தது.

அங்கிருந்து நேரே செல்லம்மாள் வீட்டுக்கு வந்தார். நாங்களும் ஓடினோம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, வாட்சை முற்றத்துக் கல்லில் வைத்து, பக்கத்தில் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். வினாடி முள் தலைதெறிக்க ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் ஒழுங்காக நடந்தது. வெடி அதிர்ச்சியில் கருப்பையா வாட்சின் அந்தச் சுருள் கம்பி ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடுகிறது, பிறகு தானாகவே பிரிந்துவிடுகிறது என்று விளக்கினார்.

"அப்ப அன்னைக்கி அவரு குடிக்கலயாண்ணே?" என்று செல்லம்மாள் கேட்டார்.

"இல்லத்தா. அரை மணி ஆயிருச்சுன்னு நம்பித்தான் எறங்கியிருக்கான்."

கணவர் இறந்த அன்று அழாத செல்லம்மாள் அன்றைக்கு அழுதார். இனி எவனாவது தப்பாகப் பேசினால் காட்ட வேண்டும், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணனும் சாகும்வரை அதைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். யாராவது வாயைத் திறந்தால் சம்மட்டியைத் தேடுவார்.

கடைசியில் கல்தூசி அவர் மூச்சை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற கிணற்று வேலைக்காரர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த செல்லம்மாளுக்கும், துக்கத்தில் கூட நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனை எடுத்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, அவர் தலைமாட்டிலிருந்த அந்த வாட்ச் காணாமல் போனது. எடுத்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை, திருப்பித் தரவும் வேண்டாம். இந்த மலர் அவர் கைக்கும் வரும் என்று நம்புகிறேன். வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள், கடைக்குக் கட்டிக்கொண்டு போங்கள், நன்றாகவே ஓடும். கிணற்றுக்கு மட்டும் அதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.