கஜேந்திரன் எடுத்துக் கொடுத்த பந்து

என் தங்கை சர்மிளாவின் புருஷன் கஜேந்திரனைப் பற்றிப் பேப்பரில் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்கள்: பெருந்தன்மை. அதைப் படித்துவிட்டு அவன் சோறு தண்ணி இல்லாமல் குப்புறக் கிடந்ததை ஒருத்தரும் எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். கரவனெல்ல பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு எழுத்து வேலை எதற்கு என்று கேட்கலாம். கோபம் வந்தால் எனக்கு எழுத வருகிறது, என்ன செய்ய.

கஜேந்திரன் பிறந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டுக்குப் போனவர்கள். தோட்டத்து உச்சியில் துரைமார் கிளப் ஒன்றும் அதையொட்டி ஒரு சின்ன கோல்ஃப் மைதானமும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் துரைமாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடப்பான். அங்கே ஒரு பழக்கம். குழிக்குக் கிட்ட வந்து நின்ற பந்தைத் துரைமார் அடிக்க மாட்டார்கள். விழுந்த கணக்குத்தான். சும்மா கையை நீட்டுவார்கள். பை தூக்குபவன் ஓடிப்போய்க் குனிந்து எடுத்து, துவாயால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் கொடுத்தவன் மறுநாள் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.

வளர்ந்த பிறகு கொழும்புக்குப் போனான். அங்கேயும் பைதான். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் ஆடிப் பழகி, கடைசியில் அதையே தொழிலாகச் செய்யும் ஆட்டக்காரன் ஆகிவிட்டான். வெளிநாடெல்லாம் போய் ஆடினான். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவில்லை. பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டு மறுபடி எடுப்பதும் ஒரு தொழிலா என்று நானே நக்கலடித்திருக்கிறேன். அது தனியாள் ஆட்டம். ஜெயித்தாலும் அவனுக்கு, தோற்றாலும் அவனுக்கு. எங்கேயோ பதினோராவதாக வந்தான் என்பதற்காக எந்த லயத்தில் வெடி போடுவார்கள்?

நாட்டுக் குழுவில் அவனை எடுத்ததும் எல்லாம் தலைகீழானது. மலேசியாவில் ஆசிய நாடுகள் குழுவாக மோதும் போட்டி. ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் நிற்க வேண்டும், ஜெயித்தால் நாட்டுக்கு ஒரு புள்ளி. சட்டையில் இலங்கை என்று எழுதியிருந்தது. கஜேந்திரனின் அப்பா, இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டுக்காரர் என்று யாரும் எழுதிக் கொடுக்காமலே பாதி ஆயுசைக் கழித்தவர். மகனின் படத்தைக் கோயில் மண்டபத்தில் ஒட்டியபோது அந்த மனுஷன் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். என் பக்கத்துக் கடை சிங்கள முதலாளி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "அப்பே கொல்லா, அப்பே கொல்லா" என்றார். எங்கள் பையன் என்று அர்த்தம். அந்த பஸாரில் எங்கள் ஆள் ஒருவனை அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அரையிறுதிக்குப் போக இலங்கைக்கு இன்னும் ஒரு முழுப் புள்ளி வேண்டியிருந்தது. மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்து கஜேந்திரன் மட்டும் மிச்சம். கடை வாசலில் டீவியைத் தூக்கி வைத்தேன். பஸாரே வந்து நின்றது. கடைசிக் குழி வரைக்கும் அவனும் எதிரே ஆடிய தாய்லாந்துக்காரனும் சமம். கஜேந்திரன் தன் பந்தைக் குழிக்குள் போட்டு முடித்துவிட்டான். தாய்லாந்துக்காரனின் பந்து குழியிலிருந்து கொஞ்சம் தள்ளி, சரிவில் கிடந்தது. அதைப் போட்டால் ஆட்டம் சமன், எங்களுக்கு அரைப் புள்ளி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தவறவிட்டால் நாங்கள் அரையிறுதியில். சரிவான இடம், அவன் குந்திப் பார்ப்பதும் எழுவதுமாக இருந்தான்.

தாய்லாந்துக்காரன் துவாய் கேட்டு, தன் பை தூக்கும் ஆளின் பக்கம் கையை நீட்டினான். அந்த ஆள் தூரத்தில் நின்றான். கிட்ட நின்றவன் கஜேந்திரன். குனிந்தான். பந்தை எடுத்தான், துடைத்தான், இரண்டு கையாலும் கொடுத்தான்.

எதிராளியின் பந்தை எடுத்துக் கொடுத்தால், நீ அடிக்க வேண்டாம், விழுந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பதாக அர்த்தம். தாய்லாந்துக்காரன் ஒரு கணம் முழித்தான், பிறகு ஓடிவந்து கட்டிப்பிடித்தான். நடுவர் வந்து, விட்டுக்கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றால் தண்டமாக ஓர் அடி கூடும், ஏன் எடுத்தாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கஜேந்திரன் ஆமாம் என்று தலையாட்டினான். மைதானமே கைதட்டியது. எங்கள் பஸாரில் யாரோ டீவியை அணைத்தார்கள்.

குழுவின் தலைவன் மாவனல்லைப் பையன் பயாஸ். அவன் புல்லில் உட்கார்ந்து அழுதானாம். "ஏன்டா குடுத்த? ஒன்ட ஆட்டத்துல நீ என்னத்தையும் குடு. இது எங்க எல்லார்டயும்டா" என்றானாம்.

பேப்பர் புகழ்ந்தது, கிளப்பில் துரை மாலை போட்டார். பக்கத்துக் கடை முதலாளி அப்பே கொல்லாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கே போய்க் கத்தினேன்.

"ஒனக்கு யாருடா அந்தத் தர்மப் பிரபு வேலையக் குடுத்தது?"

"நான் விட்டுக் குடுக்கல மச்சான். கை போயிருச்சு."

"என்னது?"

"அவன் கைய நீட்டுனான். குனிஞ்சது எனக்கே தெரியாது. குடுத்ததுக்கப்புறந்தான், நான் வெளையாட வந்தவன்னு ஞாபகம் வந்துச்சு."

"அதச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நாட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு, பேக் தூக்குன பழக்கத்துல எடுத்துட்டேன்னு சொல்லவா? எங்கப்பா பாத்துக்கிட்டு இருந்தாரு."

அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் ஆட்டம் படுத்துவிட்டது. பந்தின் முன்னால் நின்றால் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். யார் கையை நீட்டினாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். கிளப்பில் பைத்தியம் என்றார்கள். போட்டிகளுக்குக் கூப்பிடுவதும் நின்றது. மறுபடி நாட்டுக் குழுவில் எடுப்பார்கள் என்று அவன் மட்டும் நம்பினான். போன் அடித்தால் தூக்கிவாரிப்போட்டு எழுவான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சட்டையோடு சரியாக ஆடிவிட்டால் போதும் என்று சர்மிளாவிடம் கெஞ்சுவானாம், அவள்தான் எடுக்கிறவள் மாதிரி.

அடுத்த ஆசியப் போட்டிக்கு முன்னால் நாட்டுக் குழுவிடமிருந்து அந்த போன் வந்தது. சர்மிளாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். எழுந்து நின்று பேசினான். முகம் ஒரு நிமிஷம் விளக்கு ஏற்றியது மாதிரி ஆனது. பிறகு அப்படியே அணைந்தது. "சரிங்க சேர். வாறேன் சேர்" என்று வைத்தான்.

"எடுத்துட்டாங்களா?" என்றாள் சர்மிளா.

"புதுசா ஒரு பையன எடுத்திருக்காங்க. அவனுக்குப் பேக் தூக்க வரச் சொல்றாங்க."

சர்மிளா வெடித்துவிட்டாள். "வெளையாடுன ஆள அதுக்கா கூப்புடுறது? போகாதீங்க! பட்டினி கெடந்தாலும் சரி, போகாதீங்க." நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்: "அங்க நான் குனிஞ்சு எடுத்தா ஏன் எடுத்தன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, சர்மிளா."