ஒரே மூச்சில் ஓட வேண்டிய தூரம்

புறம்போக்கு நிலத்தை வேறு பயனுக்கு ஒதுக்கும் முன் ஊரில் தண்டோரா போட வேண்டும். அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபணை சொல்ல அவகாசம் தர வேண்டும். அது முடிந்த பிறகே கோப்பு அடுத்த மேசைக்கு நகரலாம். நில ஆவணங்களோடு முப்பது ஆண்டுக்கு மேல் குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊர் மந்தைவெளிப் புறம்போக்கில் ஒரு திங்கட்கிழமை காலை சிமெண்ட் கம்பம் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். கம்பெனி பஸ்கள் நிறுத்தவாம். தண்டோரா யார் காதிலும் விழவில்லை. அறிவிப்பு மட்டும் ஒட்டியிருந்தார்கள், கிராம அலுவலகத்துக்குள், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில். பீரோவை நகர்த்தச் சொல்லித்தான் படித்தேன். அவகாசம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று மாலையே ஆட்சேபணை எழுதி, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் எப்படியெல்லாம் விளையாடினோம் என்று கைப்பேசியில் கண்ணீர் விடும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். அந்த இடத்தில் நான் சந்தோஷமாக இருந்த மாலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கில்லிதான் எங்கள் ஆட்டம். வேலிக்காத்தான் கிளையை வெட்டி, நீளமானதைத் தாண்டு என்போம். இரண்டு முனையும் சீவிய குட்டைத் துண்டு கில்லி. குழியின் மேல் கில்லியை வைத்துத் தாண்டால் நெம்பி, எகிறும்போது அடிக்க வேண்டும். தோற்றவனுக்குத் தண்டனை உண்டு. கில்லி போய் விழுந்த இடத்திலிருந்து குழிவரை 'கவுடி கவுடி' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் ஓடிவர வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் மறுபடி முதலிலிருந்து.

என் பள்ளிக்கூட நாட்களில் பெரும்பகுதி இப்படி ஓடியதில் கழிந்தது. ஓடவிட்டவன் எங்கள் தெருக் கோடியில் இருந்தவன். ஆட்டத்தில் கெட்டிக்காரன், அதைவிடத் திருட்டில் கெட்டிக்காரன். தூரத்தைத் தாண்டால் அளக்கும்போது தன் பக்கம் ஒரு தாண்டு கூட்டிச் சொல்வான். நான் மட்டும் விதியைச் சொல்லிக் கத்துவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் இடது புருவத்தில் இன்றும் ஒரு வெட்டு இருக்கிறது. அவன் அடித்த கில்லி. "குறுக்க இன்னாத்துக்கு வந்த?" என்று என்னையே திட்டினான்.

பத்தாம் வகுப்பு முடித்து நான் காஞ்சிபுரத்தில் ஆஸ்டலுக்குப் போவதற்கு முந்தைய நாள், வாழ்க்கையில் முதல்முறையாக அவனைத் தோற்கடித்தேன். கில்லி ஏரிக்கரை பனைமரத்தடியில் போய் விழுந்தது. அவன் ஓட வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஓடறேன் என்றான். ஓடவில்லை.

மனுவில் பொதுநலம் என்று எழுதியிருந்தேன். வேறு எப்படி எழுதுவது? உண்மையில் அவன் ஓடுவதற்கு அந்த நிலம் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் இப்போது ஊரில் ரூம் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடுகிறான். கம்பிக்கு வெளியே நின்று பனைமரம்வரை நான் கண்ணால் அளந்துகொண்டிருந்தபோது வந்தான்.

"இன்னாடா ஆபீசரு, இன்னா பாத்துகினு நிக்கற?"

"நீ ஓட வேண்டிய தூரத்த."

சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "அத்த இன்னுமா நாபகம் வெச்சிகினு கீற? அன்னிக்கு மய வந்துச்சிடா."

"வந்துச்சி, நின்னுச்சி. நீதான் வூட்ட வுட்டு வெளிய வரல."

"வயசாச்சேடா. கொஞ்சமாவது வெக்கம் வாணாம் உனுக்கு?"

ஆறு வாரம் கழித்து என் மனுவுக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. நேராய்வின்போது நிலத்தில் யாரும் விளையாடவில்லை. விளையாட்டுக்குப் பயன்பட்டதற்குச் சான்று என்ன? நேராய்வு நடந்தது வேலை நாளில், மதியம் பன்னிரண்டு மணிக்கு. அந்த வெயிலில் அங்கே ஆடு கூட நிற்காது. நானும் பணியில் இருந்தபோது பல ஊர்களின் நிலத்தை அதே மணிக்குப் போய்ப் பார்த்து, அதே வாக்கியத்தை எழுதியவன்தான். அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிரிக்கெட் ஆடிய ரூம் பையன்களுக்கு உள்ளூர் முகவரி இல்லை. அவர்கள் சாட்சி செல்லாது. மனுதாரர் தனக்குத் தானே சாட்சி ஆக முடியாது. என்னோடு ஆடியவர்களில் ஊரில் மிச்சம் இருந்தவன் ஒருவன்தான்.

முத்திரைத்தாளோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

"கையெய்த்துதான? போட்டுட்டா போச்சி. ஆனா நான் ஒரு ஆட்டங்கூட தோத்ததே இல்லன்னு அதுல எய்தணும்."

"அது பொய்."

"அப்ப வேற ஆள பாரு. நா ஒரு வாட்டி மேல போயி கேட்டுகினு வரட்டா?"

எங்களோடு ஆடிச் செத்துப்போனவர்களைத்தான் சொன்னான். இரண்டு நாள் யோசித்தேன். பீரோவுக்குப் பின்னால் அறிவிப்பு ஒட்டியவர்களா, மழையைச் சாக்கு வைத்தவனா, யார் பெரிய எதிரி என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 'எனக்குத் தெரிந்தவரை நான் தோற்றதில்லை' என்று எழுதிக்கொண்டு போனேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தான். "இன்னா இது, தெரிஞ்ச வரைக்கும்? அத்த அட்சிடு."

அடித்தேன். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். அதுதான் முறை.

அதன் பிறகு நான்கு நினைவூட்டுக் கடிதங்கள். கடைசியில் வந்த பதிலில் என் ஆட்சேபணை ஏற்கப்பட்டிருந்தது. ஒதுக்கீடு ரத்து, வேலி அகற்றப்படும். பார்வை என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரி: 'மேற்படி நிலத்தில் மனுதாரருடன் விளையாடி ஒருமுறையும் தோற்றிராத சாட்சியின் வாக்குமூலம்.' கீழே முத்திரை, கையொப்பம். நகல் அவனுக்கும் போயிருந்தது. இனி அவனை ஓடச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவனிடம் அரசு ஆவணமே இருக்கிறது.

கடிதத்தில் இட்டிருந்த தேதி நவம்பர் மாதத்தது. என் கைக்கு வந்து சேர்ந்தது போகியன்று.