மூச்சுப் பயிற்சி நடந்த திங்கட்கிழமை

சென்னையிலிருந்து வந்த மேடம். டிபி மாத்திரை வேலையில் எங்களுக்கு மேலே இருந்த சார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா. ஊத்துக்கோட்டைப் பக்கத்து அக்கா. கவரப்பேட்டையிலிருந்து ஒருத்தி. நான். வகுப்பில் இவ்வளவு பேர்தான்.

மாத்திரை கொடுக்கிற எங்களுக்கு மனச்சோர்வு வந்துவிட்டதாம். ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே வருவதாம். பொய்யில்லை. அப்போதெல்லாம் யார் இருமினாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுங்க. பிடிச்ச இடத்தை நினைச்சுக்கோங்க" என்றார் மேடம்.

"எனக்கு எங்க ஊட்டுப் பாயிதான் தெரியுது" என்று ஊத்துக்கோட்டை அக்கா என் காதில் சொன்னார்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ் ஸ்டாப் தெரிந்தது. இரும்புக் கம்பெனியில் சுமை ஏற்றுகிற ஒருவர் அங்கே வருவார். வீட்டில் மாத்திரை வாங்க மாட்டார். டிபி என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அதனால் மதிய ஷிப்டுக்கு முன்னால், டீக்கடைக்குப் பின்னால் நின்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு மாத்திரை. நான் பார்க்க முழுங்க வேண்டும். கையில் கொடுத்தனுப்பக் கூடாது.

"இன்னாக்கா, இன்னிக்கும் விருந்தா?" என்பார். முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார்.

எழுந்தேன். "மேடம், ஒருத்தருக்கு மாத்திரை தரணும். ஷிப்டு டைம் ஆயிடும்."

"பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன். இன்னிக்காவது உங்களைக் கவனிச்சுக்கோங்கம்மா."

"குரூப் போட்டோ எடுத்துட்டுப் போம்மா" என்றார் சார். போட்டோக்காரர் வர மூன்று மணி ஆனது. அதற்குப் பிறகுதான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

டீக்கடைக்காரர் சொன்னார்: "உனக்கோசரம் ஒரு பஸ்ஸ உட்டுட்டு நின்னுகினு இருந்தாரு. அடுத்த பஸ்லதான் போனாரு."

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போனேன். துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். லேட்டாகப் போனதால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிட்டாராம்.

"உன் மாத்திரைக்கு நின்னுதான் வேல போச்சு. நீயே முழுங்கிக்கோ."

"எந்த ஊருக்குப் போறீங்க? அங்க மாத்திரைக்குச் சொல்லிடறேன்."

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மாத்திரைப் பெட்டி ஒன்று உண்டு. அவருடையதை சாரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஆள் என்ன ஆனார் என்று அவர் கேட்கவில்லை. முதல் இரண்டு மாத மாத்திரையில் மீதியை எண்ணினார்.

எழுபத்தேழு.